பூங்கா ரேடியோவுக்கு நூத்தி நாப்பத்திரண்டு கையெழுத்து

வாசல்ல பூங்கா வரலாறு எழுதின அந்தப் போர்டப் படிச்சுட்டு வாரியளே அண்ணாச்சி, அதை அப்படியே நம்பிராதிய. பன்னெண்டு வரி எழுதியிருக்கான். பாதி தப்பு. மீதிப் பாதி நான் சொல்லி எழுதினது. வெளியூர்தானே? பாத்தாலே தெரியுது. உள்ளூர்க்காரவன்னா இப்படி என் பக்கத்துல வந்து உக்கார மாட்டாவ. தள்ளித்தான் உக்காருவாவ. என்னையக் கண்டா எந்திரிச்சே போயிருவாவ. அவ்வளவு மரியாதை.

ரயில் ஏழு மணிக்கா? அப்ப நிறைய நேரம் கிடக்கு, நல்லா சாஞ்சு உக்காருங்க.

என் பேரு ஆறுமுகநயினார். அப்படிச் சொன்னா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ரேடியோ நயினார்னு கேளுங்க, பச்சப் புள்ளைக்கும் தெரியும். அந்தா பாருங்க, எட்டுப் பட்டையா சுவரு வச்சு, மேல ஓடு போட்டு, கண்ணாடிக் கதவு பூட்டிக் கிடக்கே ஒரு ரூம், அதான் ரேடியோ ரூம். அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு ரேடியோ ஏது? நகராட்சியே பூங்காவுல ஒரு ரேடியோவ வச்சு, மோட்டுல குழாய் ஸ்பீக்கரக் கட்டி, சாயங்காலம் ஊருக்கே போட்டு விடும். அதைப் போடுததுக்கு ஒரு ஆளு, அணைக்கதுக்கும் அதே ஆளு. அந்த ஆளு நான். எழுபத்தி நாலுல சேந்தேன். அஞ்சரைக்குப் போடணும், எட்டுக்கு அணைக்கணும். முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல. ரிட்டயர் ஆன அன்னைக்கு சாவி வாங்க ஆள் வரல, நானும் கொண்டு போய்க் குடுக்கல. அதுக்குப் பெறவும் ஒரு பதினஞ்சு வருஷம் அப்படியே போட்டுக்கிட்டுதான் இருந்தேன். சர்க்கார் செட்டு கெட்டுப் போச்சு, வீட்டுச் செட்டக் கொண்டாந்து வச்சேன். ஒரு குழாய் இருந்த இடத்துல நாலு குழாய் கட்டினேன். திசைக்கு ஒண்ணு.

பூங்கா வரலாறத்தானே கேட்டிய? சொல்லுதேன். என்னைய விட்டா சொல்ல ஆளு கிடையாது.

இந்த இடம் ஒரு காலத்துல குளமாக் கிடந்துச்சு, கொசு மண்டிக் கிடந்துச்சு. வில்காக்ஸ் துரைன்னு ஒரு வெள்ளக்காரன் நகராட்சிக்குத் தலைவரா வந்தான். அவன்தான் குளத்த மண்ணப் போட்டு மூடி, ஊர் ஜனம் சாயங்காலம் அமைதியா வந்து உக்காரணும்னு இதைக் கட்டினான். வாசல்ல அவன் சிலை இருக்கு, பாத்தியளா? மூக்கு இருக்காது. போர்டுல காலத்தால் சிதைந்ததுன்னு போட்டிருக்கான். காலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கெழக்க குழாய் கட்டும்போது ஏணி சாஞ்சு போச்சு. அவ்வளவுதான். ஆனா அந்த எடத்துலதான் குழாய் கட்டணும். அங்கன கட்டினாத்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்கும்.

அந்தா, தூண் வச்ச மேடை. அதுக்குப் பேரு பாண்டு மேடை. சனிக்கிழமை சாயங்காலம் போலீஸ் பாண்டு வந்து வாசிக்கும். அவங்களும் அஞ்சரைக்கு, நானும் அஞ்சரைக்கு. செய்தி நேரத்துல டமடமன்னு அடிச்சா ஜனத்துக்கு என்ன புரியும்? நான் கொஞ்சம் சவுண்ட கூட்டினேன். அவங்களும் கூட்டினாவ. நானும் கூட்டினேன். ஒரு மாசத்துல அவங்களுக்கே தெரிஞ்சு போச்சு, எது முக்கியம்னு. பெறவு ஆயுதப்படை மைதானத்துலயே வாசிச்சுக்கிட்டாவ. நல்ல மனுஷங்க. பாண்டு மாஸ்டர் போறப்ப என்னையப் பாத்து ஒரு சல்யூட் அடிச்சாரு. வேற ஏதோ கையால காட்டினார்னு சிலர் சொல்லுதாவ, அது பொறாமை.

நடுவுல நாலு சிங்கம் இருக்கு பாருங்க, வாயப் பொளந்துக்கிட்டு. அது நீரூற்று. நாலு வாயிலயும் தண்ணி கொட்டும், புள்ளைக எல்லாம் போய் நனையும். அந்தச் சத்தம் செய்தி வாசிக்க அம்மா குரல அமுக்கிப் போட்டுச்சு. மெல்லிய குரல் அந்தம்மாவுக்கு. எழுபத்தொம்பதுல நானே வால்வ அடைச்சேன். அதுக்கு அந்தப் பக்கம் மான் கூண்டு. மூணு புள்ளி மான் இருந்துச்சு. தெக்க குழாய் வச்ச வருஷம் மூணும் ஒண்ணு மாத்தி ஒண்ணு செத்துப் போச்சு. பயத்துல செத்துச்சுன்னாரு மாட்டு டாக்டர். இங்கன என்ன பயம் அண்ணாச்சி? புலியா இருக்கு?

தூங்குமூஞ்சி மரத்தப் பாருங்க. நூறு வருஷ மரம். ஒரு காலத்துல அதுல கிளியும் மைனாவுமா கத்தித் தீக்கும். இப்ப ஒரு காக்கா கிடையாது. அடியில ஒரு எச்சம் பாக்க முடியாது. எந்த ஊர்ப் பூங்காவுல இவ்வளவு சுத்தம் உண்டு, சொல்லுங்க.

இதெல்லாம் போர்டுல இல்ல. இன்னொண்ணும் இல்ல. அது எனக்கு வருத்தம்.

ஒரு வருஷம் ஐப்பசியில ஆத்துல வெள்ளம் வந்துச்சு. மூணு நாள் பஸ் இல்ல, பேப்பர் இல்ல, கரண்ட் இல்ல. நான் ஒரு லாரி பேட்டரியக் கடன் வாங்கிட்டு வந்து ரேடியோவப் போட்டேன். மழைக்குள்ள எண்ணூறு பேரு நின்னாவ அண்ணாச்சி, இந்தா, இந்தப் புல்லுல. ஒரு இருமல் சத்தம் கிடையாது. எந்தப் பாலம் நிக்கு, எந்த ஊருக்குள்ள தண்ணி ஏறியிருக்குன்னு ஒண்ணொண்ணா வாசிச்சாவ. செய்தி முடிஞ்சது. ஒரு பொண்ணு கொடை கூட இல்லாம ஜன்னல் பக்கம் வந்து, எங்க ஊர்ப் பேரு வரும்போது பக்கத்துல புள்ள அழுதுச்சு, எனக்குக் கேக்கல, இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்கன்னா. ரேடியோ இன்னொருக்கா சொல்லுமா? நான் சொன்னேன். உங்க ஊர்ல ஒண்ணும் இல்ல, தண்ணி வடிஞ்சிட்டு, எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்காவன்னு. அவ அங்கனயே உக்காந்து அழுதா. அந்தப் பொண்ணுதான் என் வீட்டுக்காரி, உலகம்மா. அதுக்குப் பெறவு அவ எங்கிட்ட எதையும் ரெண்டாவது தடவ சொல்லச் சொன்னது கிடையாது.

அவளும் தினமும் பூங்காவுக்கு வருவா. எங்க உக்காருவா தெரியுமா? அந்தக் கடேசி மூலை, மான் கூண்டுக்கும் பின்னால, சுவரு ஓரம். ஏன் அங்கன போய் உக்காருதன்னு கேட்டேன். காத்து வருதுன்னா. எனக்குத் தெரியும், அங்கனதான் நாலு குழாய்ச் சத்தமும் ஒண்ணா வந்து சேரும்னு நினைச்சிருப்பா. உண்மையில அங்கன கொஞ்சம் கம்மியாத்தான் கேக்கும். பாவம்னு ரெண்டு வருஷம் முந்தி அங்கனயும் ஒரு குழாய் வச்சுக் குடுத்தேன். அவ மேல அந்தக் குழாயப் பாத்தா. கண்ணு கலங்கிச்சு.

இப்ப விஷயத்துக்கு வாரேன். போன வருஷம் புதுசா ஒரு இஞ்சினியர் வந்தான். பூங்காவப் புதுப்பிக்கப் போறோம்னான். வரைபடத்த விரிச்சுக் காட்டுதான். நீரூற்றுல மறுபடி தண்ணி, மேடைக்குப் பெயிண்டு, மான் கூண்டுல புள்ளைக ஊஞ்சல். எல்லாம் இருக்கு. ரேடியோ ரூம் இருந்த எடத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல, வெறும் புல்லுத்தரை.

என்ன தம்பி இது, ரூம் எங்கன்னு கேட்டேன். அவன் நெளிஞ்சான். ஒரு ஃபைல எடுத்து, ஐயா, இந்த ரேடியோ சம்பந்தமா மக்கள் ஒரு மனு குடுத்திருக்காங்கன்னான். மனுவா? எத்தன பேருன்னு கேட்டேன். நூத்தி நாப்பத்திரண்டு கையெழுத்துன்னான். கண்ணாடி கொண்டு போகல நான். ஆனா மேல கொட்ட எழுத்துல பூங்கா வானொலின்னு இருந்தது தெரிஞ்சுது. மொதக் கையெழுத்து யாரோடதுங்கியோ? என் வீட்டுக்காரியோடது. உ-வ பானை மாதிரி போடுவா, கண்ணாடி இல்லாமலே தெரியும். ரெண்டாவது ஞானதுரை சார், ஹெட்மாஸ்டரா இருந்தவிய, என் சிநேகிதர், தினமும் இங்கன நடக்க வருவாவ. அந்த எழுத்தும் அவியளோடதுதான், மனுவே அவிய எழுதினது. அவன் அதை வாசிக்க ஆரம்பிச்சான். வேண்டாம் தம்பின்னுட்டேன். நம்ம புகழ நம்ம முன்னாலயே வாசிக்கது எனக்குப் பிடிக்காது.

ஐயா, நீங்க கேட்டே ஆகணும், சத்தம் வந்து அவங்களுக்குன்னு ஆரம்பிச்சான். நான் முடிக்க விடல. போதலைன்னா இன்னும் ரெண்டு குழாய் வைக்கத் தயார்னேன். அவன் தலையில கைய வச்சுக்கிட்டான்.

வீட்டுக்கு வந்து உலகம்மாகிட்ட, மொதக் கையெழுத்து போட்டிருக்கியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியான்னு கேட்டேன். அவ கையில இருந்த சொம்பு கீழ விழுந்திட்டு. நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் வெக்கம் போகல பாருங்க.

ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல. நூத்தி நாப்பத்திரண்டு பேரு கையெழுத்து போட்டுக் கேட்டதுக்கு அப்புறமும் அந்த இஞ்சினியர் இடிக்கேன்னுதான் நின்னான். மக்கள் சொல்லுக்கு இந்தக் காலத்துல அவ்வளவுதான் மதிப்பு. தேதி குறிச்சு நோட்டீஸும் ஒட்டிட்டான்.

அந்தத் தேதிக்குக் காலையில எட்டு மணிக்கே நான் ரூமுக்குள்ள போய் உள்பக்கம் தாப்பாள் போட்டுட்டு உக்காந்துட்டேன். ஜேசிபி வந்து நிக்கு. என் வேலை நேரம் அஞ்சரைக்குத்தான், ஆனாலும் போட்டேன். அஞ்சு குழாயும், ஃபுல் சவுண்டு. அந்நேரம் என்ன வரும்? மிளகா வத்தல் விலை நிலவரம். அது முடிஞ்சு பருத்தியில மாவுப்பூச்சி வந்தா என்ன மருந்து அடிக்கணும்னு ஒருத்தர் விளக்குதாரு. ஜேசிபி டிரைவர் காதுல பஞ்ச வச்சுக்கிட்டான். மனசு இளகிரும்னு பயந்திருக்கான்.

வெளியில சிங்கம் மாதிரி இருந்தேன் அண்ணாச்சி, உள்ள அப்படி இல்ல. மறைக்க என்ன இருக்கு. எனக்குப் புள்ள குட்டி இல்ல. படிப்பு எட்டாங்கிளாஸ். இந்த ஊர்ல என் பேருக்கு முன்னால ஒரு வார்த்த இருக்குன்னா அது இந்த ரூம் குடுத்தது. இது போச்சுன்னா நான் யாரு? வெறும் நயினார். ஊர்ல நாப்பது நயினார் இருக்கான். அழுதேன். பூச்சி மருந்து சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது.

அப்பந்தான் ஞானதுரை சார் வந்தாவ. ஜன்னல் கம்பி வழியா என்னையப் பாத்தாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. ஒரு வார்த்த பேசல. எங்க ஊர் வழக்கம் அது, வயசான மனுஷன் முகத்துக்கு நேரா மனசு நோகும்படி ஒண்ணு சொல்ல மாட்டாவ, உயிரே போனாலும். சார் திரும்பி ஜேசிபி டிரைவர் கிட்டப் போய், கொஞ்சம் பொறுங்கன்னு கைகாட்டிட்டு, ஸ்கூட்டர எடுத்துட்டுப் போனாவ. ஒரு மணி நேரத்துல காலேஜ்ல சரித்திரம் நடத்துத ஜாஸ்மின் மேடத்தக் கூட்டிட்டு வந்தாவ. அந்தம்மா ரூமச் சுத்திச் சுத்தி வந்து சுவரத் தட்டுது, கூரை ஓட்ட எண்ணுது, உள்ள கிடந்த பழைய வால்வு ரேடியோவப் பாத்துட்டுக் கையெடுத்துக் கும்பிடுது. நாப்பத்தொண்ணுல, யுத்த காலத்துல கட்டினதாம். இந்த மாதிரி எட்டுப் பட்டை ரூம் இந்தப் பக்கத்துல வேற கிடையாதாம்.

சார் இஞ்சினியர் காதுல என்னமோ சொன்னாவ. அந்த இஞ்சினியர் வந்து ஆறு மாசத்துல சிரிச்சு நான் பாத்ததில்ல. அன்னைக்குச் சிரிச்சான். ஜேசிபி அப்படியே திரும்பிப் போச்சு.

பெறவு சார் ஜன்னல்கிட்ட வந்து சொன்னாவ. “அண்ணாச்சி, இது இனிமே பாரம்பரியச் சின்னம். யாரும் இடிக்க முடியாது. ஆனா யாரும் உள்ள போகவும் முடியாது, எதையும் தொடவும் முடியாது. சம்மதமா?”

“நானுமா சார்?” ன்னு கேட்டேன்.

“நீங்கதான் அண்ணாச்சி மொதல்ல.”

எல்லாத்துலயும் என்னைய முதல்ல வைக்க மனுஷன் அவிய ஒருத்தருதான். சரின்னேன்.

விழா வச்சாவ பாருங்க, அந்தக் கூட்டத்த வெள்ளத்து வருஷத்துக்கு அப்புறம் நான் பாத்ததில்ல. கையெழுத்து போட்ட நூத்தி நாப்பத்திரண்டு பேரும் வந்திருந்தாவ, குடும்பத்தோட. ஆஸ்பத்திரில இருந்து நர்ஸம்மா எல்லாம் வந்துச்சு. எனக்கு மாலை, சால்வை. ஞானதுரை சார் பேசினாவ. இந்த ரூம் இனிமே என்னைக்கும் இப்படியே அமைதியா நிக்கும்னாவ. அமைதியாங்கிற வார்த்தைக்கு விசில் பறக்கு. அஞ்சரைக்குக் கடேசியா ஒருக்கா போடச் சொன்னாவ. போட்டேன். ஒரு நிமிஷத்துல அணைக்கச் சொன்னாவ. அணைச்சேன். அணைச்சதும் கை தட்டினாவ அண்ணாச்சி, ரெண்டு நிமிஷத்துக்கு நிக்கவே இல்ல. சிலர் கட்டிப் பிடிச்சுக்கிட்டாவ. ஒரு பாட்டையா அழுதே போட்டாரு. நாப்பத்தொம்பது வருஷம் போட்டுருக்கேன், போட்டதுக்கு ஒருத்தன் கை தட்டினதில்ல. போகும்போதுதான் அருமை தெரியுது. நானும் அழுதேன். கதவப் பூட்டி சாவிய மேடம் கையில குடுத்தேன்.

மறுநாள்ல இருந்து நான் வீட்டுலயே இருந்தேன். அஞ்சரை ஆனா கை தானா எந்திரிச்சு சுவிட்சத் தேடும். சோறு இறங்கல. பூங்கா இருக்க கெழக்குத் திசையப் பாத்து ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பேன். உலகம்மா மட்டும் பூங்காவுக்குப் போய்ட்டு வருவா. போய்ட்டு வரும்போது முகம் அப்படித் தெளிஞ்சிருக்கும். நீரூற்றுல தண்ணி விட்டுருக்கான், சத்தம் கேக்க எவ்வளவு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே செருப்பக் கழட்டுவா. என்னையப் பாப்பா. முகம் வாடிப் போகும். நேரா அடுப்படிக்குப் போயிருவா.

பதினோரு நாள் அப்படி. பன்னெண்டாம் நாள் மத்தியானம் பஜாருக்குப் போனா. வரும்போது ஒரு பெட்டிய இழுத்துக்கிட்டு வாரா. சக்கரம் வச்ச ஸ்பீக்கர் பெட்டி. கைப்பிடி உண்டு, ரேடியோ உள்ளேயே உண்டு. ஒரு தடவ சார்ஜ் போட்டா ஆறு மணி நேரம் பாடும். கொண்டாந்து என் முன்னால நிறுத்திட்டு, என்னையப் பாக்காம சுவரப் பாத்துக்கிட்டு சொன்னா.

“இப்படி உக்காந்திருக்கத என்னால பாக்க முடியல. எடுத்துட்டுப் பூங்காவுக்குப் போங்க. வீட்டுல மட்டும் போட வேண்டாம்.”

பாத்தியளா? தனக்குன்னு வச்சுக்கிடணும்னு தோணல அவளுக்கு. ஊர் ஜனத்துக்குப் போகட்டும்னு நினைச்சிருக்கா.

அன்னைக்கே இழுத்துக்கிட்டு வந்தேன். வாசல்லயே இஞ்சினியர் பாத்துட்டு அப்படியே சிலை மாதிரி நின்னுட்டான், வில்காக்ஸ் துரைக்குப் பக்கத்துல. அந்தப் பாரம்பரியச் சின்னத்து ஆர்டர எடுத்துப் பாருங்க தம்பின்னேன். ரூமுக்குள்ள போடக் கூடாதுன்னுதான் இருக்கு. நடந்துக்கிட்டே போடுததப் பத்தி அதுல ஒரு வரி கிடையாது. அவனும் நாலு தடவ படிச்சுப் பாத்தான்.

நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தான் அண்ணாச்சி. முன்ன நான் ஒரே எடத்துல இருந்தேன், ஜனம் என்னையத் தேடி வரணும். இப்ப நான் ஜனத்தத் தேடிப் போறேன். ஒரு பெஞ்சுக்குக் கால் மணி நேரம். யாரையும் விடுததில்ல. ஞானதுரை சார் நடக்கும்போது கூடவே இழுத்துக்கிட்டு நடப்பேன், அவியளும் இப்ப நடையில வேகம் காட்டுதாவ. எழுபத்தஞ்சு வயசுல அப்படி ஒரு நடை. சர்க்கரை குறைஞ்சிட்டாம், டாக்டரே அதிசயப்பட்டாராம். என்னையப் பாத்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு இன்னும் வேகமாப் போறாவ.

உலகம்மாதான் இப்ப வாரதில்ல. முட்டு வலிங்கா. நான் பெட்டிய எடுத்துட்டுக் கிளம்பினா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவா. சட்டைக் காலரச் சரி பண்ணி விடுவா. எட்டு மணி வரைக்கும் அவசரப்படாம இருந்துட்டு வாங்க, வெளியில இருந்தாத்தான் உங்க முகம் நல்லாருக்குங்கா. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும், சொல்லுங்க.

அஞ்சு இருவத்தொம்பது ஆச்சு. எதுக்கு எந்திரிக்கிய? ரயில் ஏழுக்குத்தானே, ஸ்டேஷன் இந்தா இருக்கு, நானே கூட வாரேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, பெட்டிய நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வைக்கேன்.